அறுபத்து நான்கு கட்டங்களின் மொத்தம்

1,84,46,74,40,73,70,95,51,615 என்னும் முழு எண் இருபது இலக்கங்களைக் கொண்டது. சொல்லால் கூறுவதானால் ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடிக்கும் மேற்பட்டது. பெரிய எண் என்ற அளவில் மட்டும் பார்த்தால் இதற்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண் ஒன்றில் மட்டும் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. அதன் பக்கத்தில் வைத்தால் இந்த எண் தூசுக்கும் சமமாகாது. ஆயினும் சதுரங்கப் பலகை பற்றிய பழங்கதை, பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு தவறான ஊகம், கவராயமும் அளவுகோலும் கொண்டு வரையும் வடிவியல், இன்றைய கணினியின் நினைவகம் ஆகிய நான்கும் இந்த ஒரே எண்ணில் வந்து சேர்கின்றன. ஓர் எண்ணின் இயல்பை அதன் பருமனைவிட அது உருவான முறையே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பலகையும் தானியமும்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த அறிஞர் ஒருவர், பரிசாக என்ன வேண்டும் என்று கேட்ட அரசனிடம், பலகையின் முதல் கட்டத்துக்கு ஒரு கோதுமை மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்தியதைப் போல் இருமடங்கு வைத்து அறுபத்து நான்கு கட்டங்களையும் நிரப்பித் தருமாறு கேட்டார் என்பது பரவலாக அறியப்பட்ட கதை. பதிமூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கல்லிகான் என்னும் அரபு மொழி வரலாற்றாசிரியர் இக்கதையைப் பதிவு செய்துள்ளார். அவருக்கு முன்பே, ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில், அல்-பிரூனி தம் நூலொன்றில் இந்த இருபது இலக்க எண்ணைப் பிழையின்றிக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். கேரளத்தின் அம்பலப்புழையில் இதே கதை கண்ணனுக்கும் ஊரை ஆண்ட மன்னனுக்கும் இடையே நடந்த சதுரங்க ஆட்டமாகவும், தீராத அரிசிக் கடனாகவும், அக்கடனுக்கு ஈடாக இன்றும் கோயிலில் வழங்கப்படும் பால் பாயசமாகவும் உருமாறியிருக்கிறது.

கதை எவ்வடிவில் வழங்கினாலும் அதன் கணக்கு ஒன்றே. ஒவ்வொரு உறுப்பும் முந்தைய உறுப்பைக் குறிப்பிட்ட ஓர் எண்ணால் பெருக்கக் கிடைப்பதாக அமையும் வரிசையைப் பெருக்குத் தொடர் என்பர். இங்கே அந்த எண் 2. இரண்டைத் தன்னாலேயே பலமுறை பெருக்கிப் பெறுவதை இரண்டின் அடுக்கு என்று கூறி, பெருக்கலில் இரண்டு எத்தனை முறை வருகிறது என்பதை மேலே சிறிய எழுத்தில் குறிப்பது வழக்கம். எனவே 2³ என்பது 8, 2¹⁰ என்பது 1,024. முதல் கட்டத்தில் 1, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 2² என்று சென்று அறுபத்து நான்காவது கட்டத்தில் 2⁶³ மணிகள் வைக்கப்படும்.

இவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டத் தேவையில்லை. பலகையில் உள்ள அனைத்துக்கும் மேலாக ஒரே ஒரு மணியைக் கூடுதலாகக் கொண்டுவந்து முதல் கட்டத்தில் இட்டால் அங்கே இரண்டு ஆகிவிடும்; அந்த இரண்டையும் இரண்டாம் கட்டத்துக்கு நகர்த்தினால் அங்கே நான்கு ஆகும்; அந்த நான்கையும் மூன்றாம் கட்டத்துக்கு நகர்த்தினால் எட்டு ஆகும். இவ்வாறே தள்ளிக்கொண்டு போனால், கடைசியில் பலகை முழுவதும் வெறுமையாகி, பலகையில் இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்துக்கு உரிய 2⁶⁴ மணிகள் ஒரே குவியலாகக் கிடைக்கும். கடனாகப் பெற்ற ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எஞ்சுவது 2⁶⁴ − 1. அதுவே மேலே கூறிய இருபது இலக்க எண். எந்தக் கட்டத்தில் நின்று பார்த்தாலும், அதற்கு முன்னுள்ள எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகையைவிட அந்தக் கட்டத்தில் ஒரு மணி அதிகமாக இருக்கும் என்பதும் இதிலிருந்தே பெறப்படுகிறது.

கோதுமை மணி சராசரியாக 40 மில்லிகிராம் எடையுள்ளது, அதாவது ஒரு கிராமுக்கு இருபத்தைந்து மணிகள், என்று கொண்டால் வளர்ச்சியின் போக்கு கண்முன் விரியும். முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களில் இருப்பவை 255 மணிகள். அவற்றின் எடை பத்துக் கிராம். இரண்டு வரிசைகளில் 65,535 மணிகள், அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. நான்கு வரிசைகள், அதாவது பாதிப் பலகை, நிரம்பும்போது 4,29,49,67,295 மணிகள் சேர்ந்து 172 டன் ஆகின்றன. ஒரு நடுத்தரக் கிடங்கு தாங்கக்கூடிய சுமை அது. எட்டு வரிசைகளும் நிரம்பும்போதோ எடை 73,787 கோடி டன். இன்று உலகம் முழுவதும் ஆண்டுதோறும் விளையும் கோதுமை ஏறத்தாழ 80 கோடி டன் என்பதால், தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட உலக விளைச்சல் முழுவதையும் கொட்டினால்தான் அந்தப் பலகை நிரம்பும்.

இதே எண், பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1883-இல் வெளியிட்ட ‘ஹனோய் கோபுரம்’ என்னும் புதிரிலும் தோன்றுகிறது. மூன்று கம்புகளில் ஒன்றில் பெரியதன்மேல் சிறியதாக அடுக்கப்பட்ட வட்டத் தட்டுகளை, ஒரு நேரத்தில் ஒன்றாக, சிறியதன்மேல் பெரியதை ஒருபோதும் வைக்காமல், வேறொரு கம்புக்கு மாற்றவேண்டும் என்பதே புதிர். கடைசிப் பெரிய தட்டை நகர்த்துவதற்கு மேலுள்ளவற்றை எல்லாம் ஒருமுறை ஒதுக்கவும், பிறகு அவற்றை மீண்டும் அதன்மேல் ஏற்றவும் வேண்டியிருப்பதால், ஒவ்வொரு தட்டு கூடும்போதும் தேவைப்படும் நகர்வுகள் இருமடங்காகி ஒன்று கூடுகின்றன. காசியில் ஒரு கோயிலில் அறுபத்து நான்கு பொன் தட்டுகளைப் பூசகர்கள் இவ்வாறு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றும், அப்பணி முடியும் நாளில் உலகம் முடிந்துவிடும் என்றும் புதிரோடு ஒரு கதையும் பரவியது. வினாடிக்கு ஒரு நகர்வு என்று இடைவிடாது செய்தாலும் 2⁶⁴ − 1 நகர்வுகளுக்கு ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் வயதாக அறிவியலார் கணித்துள்ள 1,380 கோடி ஆண்டுகளைப் போல் அது நாற்பத்திரண்டு மடங்கு.

வரிசைகளுக்குள் மறைந்திருக்கும் காரணிகள்

ஓர் எண்ணின் உள்ளமைப்பை அறிவதற்கான முதல் வழி, அதை எந்தெந்த எண்களின் பெருக்கமாக எழுதலாம் என்று பார்ப்பதாகும். 1-ஆலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். 2, 3, 5, 7, 11 ஆகியவை பகா எண்கள். 1-ஐத் தவிர்த்த மற்ற எண்கள் பகு எண்கள். அவை ஒவ்வொன்றையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு வகையில் மட்டுமே பிரிக்க முடியும். ஒரு பொருளை அதன் தனிமங்களாகப் பிரித்து அறிவதற்கு ஒப்பான இச்செயலைக் காரணிப்படுத்தல் என்பர்.

இருபது இலக்க எண்ணொன்றைக் கையால் காரணிப்படுத்துவது பொதுவாகப் பெரும் பாடு. ஆனால் இந்த எண்ணைப் பொறுத்தவரை அதன் காரணிகளைப் பலகையே வெளிப்படுத்திவிடுகிறது. முதல் இரண்டு கட்டங்களில் உள்ளவை 1, 2; கூட்டினால் 3. அடுத்த இரண்டு கட்டங்களில் உள்ளவை 4, 8. இவை முதலிரண்டின் நான்கு மடங்கேயன்றி வேறல்ல. எனவே நான்கு கட்டங்களின் மொத்தம், முதலிரண்டின் மொத்தத்தில் ஒரு மடங்கும் நான்கு மடங்கும் சேர்ந்து, 3 × 5 ஆகிறது. வரிசையின் பிற்பாதியிலுள்ள நான்கு கட்டங்களும் முற்பாதியின் பதினாறு மடங்கு. ஆகவே ஒரு முழு வரிசையின் மொத்தம் 3 × 5 × 17. இரண்டாம் வரிசை முதல் வரிசையின் 256 மடங்கு என்பதால் இரண்டு வரிசைகளின் மொத்தத்தில் 257 ஒரு காரணியாகச் சேர்கிறது. மூன்றாம், நான்காம் வரிசைகள் முதலிரண்டு வரிசைகளின் 65,536 மடங்கு என்பதால் பாதிப் பலகையில் 65,537 சேர்கிறது. பலகையின் மறுபாதியோ முதற்பாதியின் 2³² மடங்கு, அதாவது 4,29,49,67,296 மடங்கு. ஆகவே கடைசிக் காரணியாக 4,29,49,67,297 வந்து சேர்கிறது.

இவ்வாறு 2⁶⁴ − 1 என்பது 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 ஆகிய ஆறு எண்களின் பெருக்கமாக அமைகிறது. ஒவ்வொரு முறையும் பலகையின் அளவு இரட்டிப்பதால் புதிதாக வரும் காரணி, முந்தைய காரணியில் ஒன்றைக் கழித்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, மீண்டும் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கிறது. 5-இலிருந்து 4, 4-இன் வர்க்கம் 16, அதனோடு ஒன்று சேர்ந்து 17. ஒரே வாய்பாட்டிலிருந்து அடுத்தடுத்துப் பிறந்த இந்த ஆறு எண்களைச் சுற்றியே பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி இருநூறு ஆண்டு எண்ணியல் வரலாற்றின் ஒரு முக்கியப் பகுதி அமைந்தது.

வர்க்கம் எடுத்தே பெரிய அடுக்குகளை விரைவில் அடையும் இந்த உத்தி மிகப் பழமையானது. கி.மு. நூற்றாண்டுகளைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பிங்கலர், குறில் நெடில் என்ற இரு வகை அசைகளால் எத்தனை வகையான யாப்பு அமைப்புகள் கிடைக்கும் என்று கணக்கிடுவதற்கு, அசைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாயின் பாதியாக்கி வர்க்கம் எடுக்கவும், ஒற்றைப்படையாயின் ஒன்றைக் குறைத்து இருமடங்காக்கவும் தம் சந்தச் சூத்திரத்தில் வழி வகுத்திருக்கிறார். அம்முறையில் 64 அசைகளுக்கு ஒருமுறை இரட்டித்து, ஆறுமுறை வர்க்கம் எடுத்தால் போதும்: 2, 4, 16, 256, 65,536, 4,29,49,67,296 என்று வந்து ஏழாவதாக 2⁶⁴ கிடைத்துவிடுகிறது. பலகையின் காரணிகளாகக் கிடைத்தவை, இந்தப் படிகளில் கடைசியை விடுத்து மற்ற ஆறோடும் ஒவ்வொன்றைக் கூட்டிய எண்களே.

ஃபெர்மாவின் ஊகமும் 641-உம்

பிரான்சில் வழக்கறிஞராகவும் நீதிமன்ற ஆலோசகராகவும் பணியாற்றிக்கொண்டே கணித ஆய்வில் ஈடுபட்ட பியேர் தெ ஃபெர்மா, 1640-இல் எழுதிய கடிதங்களில் இவ்வகை எண்களைப் பற்றி ஓர் ஊகத்தை முன்வைத்தார். 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்ட அவர், இவ்வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று நம்பினார். அதற்குரிய நிறுவல் தம்மிடம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். இன்று இவற்றை ஃபெர்மா எண்கள் என்று வழங்குகின்றனர். ஆறாவது எண்ணான 4,29,49,67,297 பகா எண்ணா அன்றா என்பதைச் சோதிக்க, அதன் வர்க்கமூலமான ஏறத்தாழ 65,536 வரையுள்ள ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். அப்படிப்பட்டவை ஆறாயிரத்துக்கும் மேல் உள்ளன.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1732-இல், லியோன்ஹார்டு ஆய்லர் இந்த எண் 641-ஆல் வகுபடுகிறது என்று காட்டினார். கண்மூடித்தனமாக ஆயிரக்கணக்கான எண்களால் வகுத்துப் பார்த்து அவர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. இந்த எண்ணுக்குக் காரணி இருக்குமானால் அக்காரணி 64-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாகத்தான் இருக்கமுடியும் என்பதை உணர்ந்ததால், பெரும்பாலான பகா எண்களை வகுத்துப் பார்க்காமலே அவரால் ஒதுக்கிவிட முடிந்தது. அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்ற வரிசையில் வருகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது. பின்னாளில் லூக்கா இந்த நிபந்தனையை மேலும் இறுக்கி, காரணி 128-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்கவேண்டும் என்று நிறுவினார். அதன்படி சோதிக்கவேண்டியவை 257, 641 என்ற இரண்டாகக் குறைந்துவிடுகின்றன.

641 ஏன் வகுக்கிறது என்பதை வகுத்துப் பார்க்காமலே மீதிகளைக் கொண்டு விளக்க முடியும். 641 என்பது 640 + 1; 640 என்பது 5 × 2⁷. எனவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது நிறைவுக்கு ஒன்று குறைவாக, அதாவது −1 போல, நடந்துகொள்ளும். −1-ஐ நான்குமுறை பெருக்கினால் 1 வரும் என்பதால், 5⁴ × 2²⁸ என்பது 1 போல நடந்துகொள்ளும். மறுபுறம், 641 என்பது 625 + 16 ஆகவும் அமைகிறது. அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு வைத்தால் −2³² என்பது 1-க்கு இணையாகிறது. எனவே 2³² + 1 மீதியின்றி வகுபட்டுவிடுகிறது. பத்து இலக்க எண் ஒன்றைப் பற்றிய ஊகத்தைத் தகர்ப்பதற்கு, 641 என்ற சிறிய எண்ணை இரு வகையாகப் பிரித்து எழுதத் தெரிந்திருந்ததே போதுமானதாகிறது.

641-ஆல் வகுத்தபின் கிடைக்கும் ஈவு 67,00,417. இதன் வர்க்கமூலம் 2,588 என்பதால், இதற்குக் காரணி இருப்பின் அது அவ்வெல்லைக்குள் கிடைத்தாக வேண்டும். லூக்காவின் நிபந்தனைக்கு உட்பட்டு அங்கே 257-ஐத் தவிர இருப்பவை 641, 769, 1,153, 1,409 என்ற நான்கே பகா எண்கள். அவற்றில் எதுவும் இதை வகுப்பதில்லை. ஃபெர்மா எண்களுள் நான்காவதான 257-ஆல் வகுபடவும் வாய்ப்பில்லை, ஏனெனில் எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது. பொதுக் காரணி இல்லை என்பதையும் பலகையைக் கொண்டே அறியலாம்: ஒரு ஃபெர்மா எண்ணிலிருந்து இரண்டைக் கழித்தால் அதற்கு முந்திய எல்லா ஃபெர்மா எண்களின் பெருக்கம் வரும், ஆகவே இரண்டுக்கும் பொதுவான காரணி இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும், ஆனால் இவ்வெண்கள் அனைத்தும் ஒற்றைப்படை. வரிசை முடிவின்றி நீள்வதாலும், ஒவ்வொன்றும் புதிய பகா காரணிகளைக் கொண்டுவருவதாலும், பகா எண்கள் முடிவற்றவை என்ற யூக்ளிடின் பழம்பெரும் முடிவுக்கு இதுவே மற்றொரு நிறுவலாகிறது. ஆய்லரின் நண்பர் கோல்ட்பாக் இவ்வழியைக் கையாண்டார்.

ஆகவே 2⁶⁴ − 1 என்னும் எண்ணின் முழுக் காரணிப்பட்டியல் 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417 என்ற ஏழு பகா எண்கள். அவற்றுள் எதுவும் இருமுறை வருவதில்லை. ஃபெர்மாவின் ஊகம் மெய்யான ஐந்து இடங்களும், அது முதன்முதலாகப் பொய்த்த ஓர் இடமும் ஒருங்கே இந்த எண்ணுக்குள் அடங்கியுள்ளன.

கவராயத்தின் எல்லை

ஃபெர்மா எண்கள் எண்ணியலோடு நின்றுவிடவில்லை. எல்லாப் பக்கங்களும் கோணங்களும் சமமாக உள்ள வடிவத்தை ஒழுங்குப் பலகோணம் என்பர். அளவு குறிக்கப்படாத நேர்கோலையும் கவராயத்தையும் மட்டும் பயன்படுத்தி முக்கோணம், ஐங்கோணம், பதினைங்கோணம் ஆகியவற்றைத் துல்லியமாக வரையப் பண்டைக் கிரேக்கர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அதற்கு அப்பால் இரண்டாயிரம் ஆண்டுகள் எவ்வித முன்னேற்றமும் ஏற்படவில்லை. 1796 மார்ச்சில், பத்தொன்பது வயது நிரம்பாத கார்ல் ஃபிரீட்ரிச் காஸ், பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தை அவ்விரு கருவிகளால் வரைய முடியும் என்று கண்டறிந்தார். 1801-இல் வெளிவந்த தம் நூலில், வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக அமையும் ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணங்கள் அனைத்தையும் அவ்வாறு வரையலாம் என்ற பொதுவிதியைத் தந்தார். மற்ற ஒற்றைப்படைப் பலகோணங்களை வரைய இயலாது என்பதை 1837-இல் பியேர் வான்ட்செல் நிறுவினார்.

இங்கே நமது எண்ணின் வகுத்திகள், அதாவது அதை மீதியின்றி வகுக்கும் எண்கள், மீண்டும் முக்கியத்துவம் பெறுகின்றன. ஏழு பகா காரணிகளுள் ஒவ்வொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் அல்லது விட்டுவிடலாம் என்பதால், தேர்வுகள் ஏழுமுறை இரட்டித்து, மொத்தம் 128 வகுத்திகள் கிடைக்கின்றன. அவற்றுள் 641-ஐயும் 67,00,417-ஐயும் கொண்டிராதவை 32. அவற்றிலிருந்து 1-ஐ நீக்கினால் 31. வரையக்கூடியவை என்று இதுவரை அறியப்பட்டுள்ள ஒற்றைப்படைப் பலகோணங்கள் சரியாக இந்த 31 மட்டுமே. முக்கோணத்தில் தொடங்கும் அப்பட்டியல், பாதிப் பலகையின் மொத்தமான 4,29,49,67,295 பக்கங்கள் கொண்ட வடிவத்தோடு முடிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரிச்செலோ 257 பக்கப் பலகோணத்துக்கு வரைமுறை தந்தார். ஹெர்மெஸ் என்பவர் 65,537 பக்கப் பலகோணத்துக்காகப் பத்தாண்டு உழைத்து எழுதிய கையெழுத்துப்படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

பக்கத்து எண்கள்

பெரிய எண்களிடையே ஒன்று கூடினாலோ குறைந்தாலோ என்ன பெரிய வேறுபாடு வந்துவிடும் என்று தோன்றக்கூடும். பருமனைப் பொறுத்தவரை அது உண்மை, இயல்பைப் பொறுத்தவரை அது முற்றிலும் பொய். 2⁶⁴ − 1 ஏழு பகா எண்களாகச் சிதறுகிறது. அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 2⁶⁴ என்னும் எண்ணில் 2-ஐத் தவிர வேறு பகா காரணியே இல்லை. மேலும் ஒன்றைக் கூட்டினால் வரும் 2⁶⁴ + 1 ஏழாவது ஃபெர்மா எண். பலகையில் 64-க்குப் பதிலாக 128 கட்டங்கள் இருந்திருந்தால் அடுத்து வந்து சேரவேண்டிய காரணி இதுவே. இதுவும் பகா எண் அன்று. ஆனால் இதன் காரணிகளான 2,74,177, 6,72,80,42,13,10,721 ஆகிய இரண்டும் ஃபார்ச்சுனே லாந்திரி என்பவரால் 1880-இல்தான் வெளியிடப்பட்டன. அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்களில் ஒன்று எளிதில் பிரிகிறது, மற்றொன்று பிரிவதற்கே இடமின்றி ஒரே காரணியின் அடுக்காக உள்ளது, மூன்றாவது ஆய்லருக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்தே வழிக்கு வந்தது.

சற்று விலகிப் பார்த்தால், 2⁶⁴-க்குக் கீழே மிக அருகில் உள்ள பகா எண் 59 குறைவாகவும், மேலே மிக அருகில் உள்ளது 13 கூடுதலாகவும் நிற்கின்றன. இந்த உயரத்தில் சராசரியாக நாற்பத்து நான்கு எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கிறது. 2⁶⁴-க்குள் மொத்தம் 4,256 கோடி கோடிக்கும் சற்று மேற்பட்ட பகா எண்கள் உள்ளன. எண்கள் பெரிதாகும்போது பகா எண்கள் அரிதாகின்றனவே தவிர, எளிதில் தீர்ந்துவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

கட்டங்களின் எண்ணிக்கையை மாற்றினாலும் இதேபோன்ற தலைகீழ் மாற்றம் நிகழ்கிறது. 64 என்பது மீண்டும் மீண்டும் பாதியாக்கக்கூடிய எண் என்பதால்தான் பலகையின் மொத்தத்தை அவ்வளவு எளிதாகப் பிரிக்க முடிந்தது. கட்டங்களின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால், பலகையைச் சம அளவுள்ள பகுதிகளாக வெட்டிப் பொதுக் காரணியை எடுத்துவிடலாம். ஆகவே மொத்தமும் பகு எண்ணாகவே இருக்கும். கட்டங்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டுமே மொத்தமும் பகா எண்ணாக அமைய வாய்ப்புண்டு; அவ்வாறு அமைபவை மெர்சென் பகா எண்கள். பலகையில் மூன்று கட்டங்கள் குறைந்து 61 மட்டும் இருந்திருந்தால், மொத்தம் 23,05,84,30,09,21,36,93,951 ஆகியிருக்கும். அது எதனாலும் வகுபடாத பகா எண் என்பதை இவான் பெர்வூஷின் என்னும் ரஷ்யப் பாதிரியார் 1883-இல் கண்டறிந்தார். எட்டில் ஒரு பங்கு பருமனே உடைய அந்த எண் உடையாமல் நிற்க, அதைவிடப் பெரிய எண் பொடிப்பொடியாகிறது.

கணினிக்குள்

இன்றைய கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் எண்களை 64 இடங்கள் கொண்ட தொகுதிகளாகக் கையாளுகின்றன. ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 மட்டுமே இருக்கும். அவ்விடத்தை பிட் என்பர். வலக்கோடி இடத்தின் மதிப்பு 1, அடுத்தது 2, அதற்கடுத்தது 4 என்று செல்வதால், கணினியின் இந்த இரும எண்முறை சதுரங்கப் பலகையின் மறுவடிவமேயாகும். சில கட்டங்களில் உள்ள தானியத்தை எடுத்தும் சிலவற்றை விட்டும், 0 முதல் 2⁶⁴ − 1 வரை எந்த எண்ணையும், ஒரே ஒரு வகையில் மட்டும், உருவாக்க முடியும். எல்லா இடங்களிலும் 1 நிரம்பியிருக்கும் நிலையே 2⁶⁴ − 1. குறை எண்களுக்கு இடம் ஒதுக்காத 64 பிட் தொகுதியில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் அதுவே.

அதனோடு ஒன்றைக் கூட்டினால், தானியத்தைத் தள்ளிக்கொண்டுபோன கணக்கைப் போலவே, எல்லா இடங்களும் வெறுமையாகி, மிஞ்சும் ஒன்று இல்லாத அறுபத்தைந்தாம் இடத்துக்குச் சென்று மறைந்துவிடுகிறது. வாகனத்தின் தூரமானி 99,999-க்குப் பிறகு 00,000 காட்டுவதுபோல, கணினி சுழியத்தைக் காட்டும். ஒன்றைக் கூட்டினால் சுழியம் தரும் எண்ணை −1 என்றே கொள்ளலாம் அல்லவா? ஆகவே குறை எண்களையும் எழுதவேண்டிய இடங்களில், 64 ஒன்றுகள் கொண்ட இதே வடிவத்தைக் கணினி −1 என்று வாசிக்கிறது. 641-க்கு 640 எவ்வாறு −1 போல நடந்துகொண்டதோ, அவ்வாறே 2⁶⁴-க்கு 2⁶⁴ − 1 நடந்துகொள்கிறது. ஆய்லர் காலத்து மீதிக் கணக்கு இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒவ்வொரு நொடியும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

குறை எண்களுக்குப் பாதி இடத்தை விட்டுக்கொடுத்தால், எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 2⁶³ − 1 ஆகக் குறைகிறது. முன்பு வழக்கிலிருந்த 32 பிட் முறையில் அவ்வெல்லை 2,14,74,83,647 மட்டுமே. 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணி நேரத்தைக் குறிக்கும் பழைய கணினி நிரல்கள், 2038 ஜனவரி 19 அன்று அவ்வெல்லையை எட்டிக் குழம்பிவிடும் என்பதே ‘2038 சிக்கல்’ என்று பேசப்படுகிறது. 64 பிட் முறைக்கு மாறினால் அதே எண்ணிக்கை ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகளுக்குத் தாங்கும். பிட்டுகளை இருமடங்காக்கினால் எல்லை இருமடங்காவதில்லை, வர்க்கமாகிறது என்பது இதன் பொருள். பாதிப் பலகைக்கும் முழுப் பலகைக்கும் இடையிலிருந்த வேறுபாடே இங்கும் வெளிப்படுகிறது.

இணையத்தில் அனுப்பப்படும் இரகசியங்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. முறை, பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது கடினம் என்ற உண்மையைச் சார்ந்தது. அதற்கு 2⁶⁴ − 1 போன்ற எண்கள் பயன்படமாட்டா. இருபது இலக்கங்கள் மிகக் குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்தது என்ற அமைப்பே அதன் காரணிகளில் பலவற்றை வெளிப்படுத்திவிடுகிறது. ஆகவே அம்முறையில், அமைப்பு ஏதும் வெளியே தெரியாத, ஏறத்தாழ அறுநூறு இலக்கங்கள் கொண்ட எண்களைப் பயன்படுத்துகின்றனர். 2020-இல் 250 இலக்கங்கள் கொண்ட அத்தகைய எண்ணொன்றைப் பிரிப்பதற்குப் பல கணினிகளின் கூட்டு உழைப்பு தேவைப்பட்டது.

ஃபெர்மாவின் ஊகம் ஆறாவது எண்ணில் பொய்த்தபின், அதற்கடுத்து இதுவரை தீர்மானிக்கப்பட்ட எண்கள் எல்லாம் பகா எண்களாக இல்லாமலே போய்விட்டன. வரிசையின் முப்பத்து மூன்றாவது எண் வரை அனைத்தும் பகு எண்களே என்று இன்று உறுதியாகத் தெரியும். ஆறாவதாக ஒரு ஃபெர்மா பகா எண் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு இன்னும் விடையில்லை. அப்படி ஒன்று என்றாவது கிடைத்தால், கவராயத்தால் வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்களின் பட்டியல் உடனே ஏறத்தாழ இரட்டிக்கும். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றால், அப்பட்டியல் முழுவதும் சதுரங்கப் பலகையின் முதல் நான்கு வரிசைகளில் இருந்த தானியக் கணக்கோடு முடிந்துவிட்டதாகப் பொருள்படும். எந்த அரசனாலும் நிறைவேற்ற முடியாத அந்தக் கோரிக்கையின் பெரும்பகுதி பலகையின் மறுபாதியில்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணின் செல்வமாகக் கணிதம் இதுவரை கண்டெடுத்ததில் பெரும்பங்கு, 172 டன் மட்டுமே எடையுள்ள முதற்பாதியில் இருந்தது.